மத்தும் அரிவாள்மனையும் – ப்ளெண்டர், ஃபுட் பிராசஸர் வந்த கதை

போன தீபாவளிக்கு முன்பு மருமகளோடு நேரு வீதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஒரு ஃபுட் பிராசஸர் வாங்க வேண்டும் என்று ஆசை. கடைப் பையன் ஒரு மிக்ஸியை எடுத்து முன்னால் வைத்தான். "இது மிக்ஸிப்பா, நாங்க கேட்டது ஃபுட் பிராசஸர்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல ஒரு ஜார் கூட, அவ்வளவுதான்" என்றான். கொஞ்சம் தள்ளி ப்ளெண்டர் என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "அதுவும் அதே சார், ஃபாரின் மாடல்" என்றான்.

பையன் மேல் தப்பு இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே தப்பை நானும் செய்தேன். அதன் பலனை என் அம்மா அனுபவித்தார்கள். அந்தக் கதையைச் சொல்லுவதற்கு முன், இந்த மிஷின்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன். கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தால்தான் கடைசிப் பக்கத்தில் இருக்கும் உத்தரவு விளங்கும் என்பது அலுவலகத்தில் நான் கற்ற பாடம்.

நம் பழைய சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மத்து இருக்கும். அரிவாள்மனை இருக்கும். அம்மியும் குழவியும் இருக்கும். ஆட்டுக்கல், உரல், உலக்கை இருக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. மோர் கடைய அம்மியைத் தேடுகிறவர் இல்லை. வாழைக்காய் நறுக்க மத்தை எடுக்கிறவரும் இல்லை. கரண்ட் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் அடியில் மோட்டார், மேலே பாத்திரம், நடுவில் பிளேடு என்று ஒரே உருவம் வந்துவிட்டது. உருவம் ஒன்றானதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். என் கணக்கில் ப்ளெண்டர் மத்தின் பேரன். ஃபுட் பிராசஸர் அரிவாள்மனையின் பேத்தி. நம் மிக்ஸி அம்மியின் பிள்ளை. கிரைண்டர் ஆட்டுக்கல்லேதான், கை மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் மத்தின் பேரன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். நமக்கெல்லாம் தெரிந்த ஹார்லிக்ஸ் பிறந்த ஊர் அது. ஹார்லிக் சகோதரர்கள் மால்ட் கலந்த பால் மாவை அங்கேதான் முதலில் செய்தார்கள். அந்த நாட்டில் மருந்துக் கடைகளிலேயே சோடா, ஐஸ்கிரீம், மால்ட் பால் எல்லாம் விற்கும் வழக்கம் உண்டு. பாலில் மாவைக் கட்டியில்லாமல் கலக்குவதே பெரிய வேலை. போலந்திலிருந்து குடியேறிய ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் அந்த ரசீன் ஊரிலேயே இருந்தார். அதுவரை கலக்கும் கம்பி மேலிருந்து கீழே இறங்கும். இவர் பாத்திரத்தின் அடியில் சுழலும் தகட்டைப் பொருத்தி, 1922ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைக்கும் எல்லா ப்ளெண்டரிலும் பிளேடு அடியில்தான் இருக்கிறது. பிறந்தபோதே அதற்கு விதித்த வேலை பாலும் மாவும் கலப்பது. திரவ வேலை, மத்து வேலை.

அதற்குப் பிறகு அதே ரசீனைச் சேர்ந்த ஃபிரெட் ஓசியஸ் என்பவர் இதை மேலும் திருத்தினார். பணம் போட ஆள் தேடி, 1936ல் ஃபிரெட் வாரிங் என்ற பிரபலமான இசைக்குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தார். பாட்டுக்காரருக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவருக்கு இயந்திரங்களில் பைத்தியம். பணம் கொடுத்தார். 1937ல் சிகாகோவில் நடந்த உணவகக் கண்காட்சியில் 'மிராக்கிள் மிக்ஸர்' என்ற பெயரில் அது வந்தது. அடுத்த வருஷம் 'வாரிங் ப்ளெண்டர்' என்று பெயர் மாறியது. இசைக்குழு போகும் ஊருக்கெல்லாம் மிஷினும் போயிற்று. மதுக்கூடங்கள் வாங்கின, பிறகு ஆஸ்பத்திரிகள் வாங்கின, ஆராய்ச்சிக் கூடங்களும் வாங்கின. 1952ல் ஹெர்ஷி, சேஸ் என்ற இரு விஞ்ஞானிகள், பரம்பரைக் குணத்தைச் சுமப்பது டி.என்.ஏ. தான் என்பதைக் காட்டிய சோதனையைச் செய்தார்கள். பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸின் கூட்டை உதறி எடுக்க அவர்கள் பயன்படுத்தியது இந்தச் சமையலறை ப்ளெண்டரைத்தான். அங்கேயும் திரவம்தான், கலக்கல்தான்.

இனி அரிவாள்மனையின் பேத்தி. இவள் பிரெஞ்சுக்காரி. சின்ன வயதிலிருந்து பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பிரான்சில் சமையலறை மிஷின் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் ழான் மாந்த்லே. மனைவி மசித்த உருளைக்கிழங்கில் கட்டிகள் இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று கதை சொல்லுவார்கள். கையால் சுற்றும் காய்கறி மசிப்பானை 1932ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் போணியாகவில்லை. விலையைக் குறைத்த பிறகு பறந்தது. 1956ல் கரண்டில் ஓடும் காப்பிக்கொட்டை அரைப்பானைக் கொண்டுவந்தார். 1957ல் கம்பெனிக்கு மூலினெக்ஸ் என்று பெயர் வைத்தார். 'மூலென்' என்றால் பிரெஞ்சில் அரைவை ஆலை. 'மூலினெக்ஸ் பெண்ணை விடுவிக்கிறது' என்பதுதான் அவர்கள் விளம்பர வாசகம். எங்கள் ஊரில் பிரான்ஸ் போய்வந்த சொல்தா வீடுகளில் அந்த விளம்பரம் வந்த பத்திரிகைகளை நான் பையனாக இருந்தபோது புரட்டியிருக்கிறேன். அந்த வாசகத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதே வீட்டுப் பின்கட்டில் ஒரு அம்மாள் அம்மியில் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த வயது அப்படி.

ஆனால் நாம் ஃபுட் பிராசஸர் என்று சொல்லுவதற்கு அடி போட்டவர் பியேர் வெர்தென். உணவகங்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர். எந்தச் சமையல் கூடத்துக்குப் போனாலும் ஆட்கள் பாதி நாளை வெட்டுவதிலும் துருவுவதிலும் கழிக்கிறார்கள் என்று கவனித்தார். அகலமான ஒரு கிண்ணம், அதன் அடியில் சுழலும் கத்தி என்று ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் 1960களில் உணவகங்களுக்கு மிஷின் செய்துகொடுத்த ரோபோ-கூப் கம்பெனி. 'கூப்' என்றால் வெட்டு. பெயரிலேயே வேலை இருக்கிறது. அதன் வீட்டு வடிவம் மாஜிமிக்ஸ். 1971ல் பாரிசில் நடந்த வீட்டுச் சாமான் கண்காட்சிக்கு, பிரான்சில் வளர்ந்து அமெரிக்காவில் படித்த கார்ல் சோன்தைமர் என்ற இன்ஜினியர் வந்தார். மிஷினைப் பார்த்ததும் விடவில்லை. 1973ல் அமெரிக்காவில் குசினார்ட் என்ற பெயரில் இறக்கினார். ஃபுட் பிராசஸர் உலகம் முழுவதும் பரவியது அதற்குப் பிறகுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை ஃபுட் பிராசஸர் என்று சொல்லுவதில்லை. 'ரொபோ' என்பார்கள். அந்தச் சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரொபோத்தா' என்றால் பண்ணைக்காரனுக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் இதையே 'வெட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். வெட்டுகிற மிஷினுக்கு வெட்டி என்று பெயர் அமைந்தது வேடிக்கைதான். ஆனால் கூலியில்லாத கட்டாய வேலை எது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வராது.

இப்போது வித்தியாசத்துக்கு வருகிறேன். ப்ளெண்டர் ஜாரைப் பாருங்கள். உயரமாக, கீழே குறுகி இருக்கும். பிளேடு சின்னது, அடியோடு சேர்ந்தது, வேகம் மிக அதிகம். உள்ளே இருக்கிற திரவம் நீர்ச்சுழி போலச் சுற்றி, மேலே இருப்பதைக் கீழே இழுத்துக் கத்திக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லையென்றால் சுழி இல்லை. கத்தியைச் சுற்றி ஒரு காற்றுக்குழி விழும். மிஷின் சத்தம் போடும், உள்ளே எதுவும் நகராது.

ஃபுட் பிராசஸர் கிண்ணம் அகலமானது, உயரம் குறைவு. நடுவில் ஒரு தண்டு, அதில் எஸ் எழுத்தைப் போல வளைந்த பெரிய கத்தி. அது கிண்ணத்தின் ஓரம் வரை எட்டும். ஆகவே சுழி தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை. கத்தியைக் கழற்றிவிட்டு மேலே ஒரு தட்டைப் பொருத்தினால் துருவும், இன்னொன்றைப் பொருத்தினால் வில்லை வில்லையாகச் சீவும். மூடியில் ஒரு குழாய் இருக்கும். காயை அதில் போட்டு, கூடவே தருகிற கட்டையால் தள்ள வேண்டும். வேகமும் குறைவு. வெர்தென் வகையிலான உணவக மிஷின்களின் இண்டக்ஷன் மோட்டார் நம் கரண்டில் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றுதான் சுற்றும். மிக்ஸி மோட்டாரோ வெறுமனே ஓடும்போது 18,000 சுற்றுக்கும் மேலே போகும். ஒன்று வெட்டி நிறுத்தும். மற்றது கூழாக்கிவிட்டுத்தான் நிற்கும்.

அப்படியானால் நம் மிக்ஸி எந்த ஜாதி? இரண்டும் இல்லை. பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த எஸ்.பி. மாத்தூர் என்ற இன்ஜினியர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸர் இருந்தது. அது நம் ஊர் அரைப்பைத் தாங்கவில்லை. மோட்டார் போய்விட்டது. நம் வேலையைத் தாங்குகிற ஒன்றைச் செய்து தரும்படி அவர் மனைவி சொன்னார். 1963ல் சுமீத் மிக்ஸி பிறந்தது அப்படித்தான். காய்ந்த மிளகாய், தனியா, கொம்பு மஞ்சள் என்று தண்ணீர் இல்லாமல் அரைக்க வேண்டும். ஊறிய பருப்பையும் தேங்காயையும் கொஞ்சம் தண்ணீரில் விழுதாக்க வேண்டும். அதற்காக வலுவான மோட்டார், ஸ்டீல் ஜார், கனத்த பிளேடு. அமெரிக்கக்காரன் மால்ட் பாலுக்குச் செய்ததை நாம் அம்மியாக மாற்றிக்கொண்டோம். இட்லி மாவு மட்டும் அதற்கும் முழுதாக வசப்படவில்லை. வேகத்தில் மாவு சூடாகிவிடும், உளுந்து பொங்காது. அந்தக் குறையைத் தீர்த்தது கோயம்புத்தூர். 1955ல் அங்கே பி. சபாபதி என்பவர் கல்லையே மோட்டாரில் சுற்றவிட்டு வெட் கிரைண்டர் செய்தார். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

இனி என் வீட்டுக் கதை.

1962ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஆறு மாசம் தவணை கொடுத்தார்கள். எங்கள் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். ஆகவே அக்கா துலோனில், நாங்கள் முத்தியால்பேட்டையில். 1981ல் அக்கா இரண்டு மாச லீவில் வந்தபோது கம்பளித் துணிகளுக்கு நடுவில் சுற்றி ஒரு ரொபோ கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. வீட்டில் ஒன்பது பேர். காலையில் அம்மி, சாயங்காலம் ஆட்டுக்கல். "இனிமே நீ கல்லுகிட்ட குந்தக் கூடாதும்மா" என்றார் அக்கா. இருந்த இரண்டு மாசமும் கேரட் துருவினார், வெங்காயம் நறுக்கினார், முட்டைகோஸ் சீவினார். அம்மா பக்கத்தில் நின்று வாயில் கை வைத்துப் பார்த்தார்கள்.

அக்கா போன மறு வாரம், அம்மா தனியாக, ஊறவைத்த இட்லி அரிசியை அதில் போட்டார்கள். கல்லுகிட்டக் குந்த வேண்டாம் என்று மகள் சொன்னதை அவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அரிசி சுற்றியது, அரைபடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால் அரைபடும் என்று விட்டிருக்கிறார்கள். கரிந்த வாடை வந்தது, புகை வந்தது, நின்றுவிட்டது.

நான் ஆபீஸிலிருந்து வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்துக் கொடுக்கிற பிரிவில் வேலை. வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். புகைந்த மிஷினைப் பார்த்துவிட்டு, "படிக்காதவங்க கையில இதையெல்லாம் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றேன். என் மனைவி இருந்தாள், தம்பி இருந்தான், பக்கத்து வீட்டு அம்மாள் கூட இருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணத்திலிருந்த அரிசியை வழித்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்கல் சத்தம் கேட்டது.

1984ல் பண்டிகை முன்பணம் போட்டு ஒரு மிக்ஸி வாங்கினேன். அம்மா அதைத் தொடவில்லை. "எனக்கு வேணாம்ப்பா, நான் எதுனா ஒடைச்சிடுவேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். கைமணிக்கட்டு வீங்கும். விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு அம்மியில் உட்காருவார்கள். என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். 1993ல் அம்மா காலமாகும் வரை, உடம்புக்கு முடிந்த நாளெல்லாம் கல்லில்தான் அரைத்தார்கள்.

வீட்டை இடித்துக் கட்டியபோது, மர அலமாரியின் மேல் தட்டில் அந்த ரொபோவோடு வந்த குறிப்புப் புத்தகம் கிடைத்தது. முழுவதும் பிரெஞ்சு. இரண்டாம் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது: இது வெட்டுவதற்கும் கலப்பதற்கும் உள்ள கருவி; தானியம் அரைக்கக் கூடாது; தொடர்ந்து நெடுநேரம் ஓட்டக் கூடாது. நான்கு வரி. ஊரார் வீட்டுப் பிறப்புச் சான்றிதழை எல்லாம் எழுத்துக்கு எழுத்து படித்துப் பெயர்த்துக் கொடுத்தவன், என் வீட்டு மிஷினோடு வந்த நான்கு வரியைப் படித்து என் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. படிக்காதவன் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அம்மா இல்லை.

கடையில் அன்று விடாமல் தேடி, மருமகளுக்குத் தனி ஃபுட் பிராசஸர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குறிப்புப் புத்தகத்தை உரக்கப் படித்தேன். மருமகள் சிரித்தாள். படிக்கட்டும் விடு என்று என் மனைவி சைகை செய்தாள்.

இந்தச் சித்திரை வெயிலில் வடகம் போட்டோம். எங்கள் ஊர் வடகம் உங்களுக்குத் தெரியும். சின்ன வெங்காயமும் பூண்டும் உரலில் ஒன்றிரண்டாக இடிபட வேண்டும். பிறகு உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து வெயிலில் வைத்து, விளக்கெண்ணெய் விட்டு உருண்டை பிடிக்க வேண்டும். பிரான்சில் சமையல்காரர்கள் இதையே 'வதுவான்' என்று சொல்லி, பொடியாக்கிப் பெரிய உணவகங்களில் மீனுக்குத் தூவுகிறார்கள். மிக்ஸியில் அடித்தால் வெங்காயம் கூழாகி நீர் விட்டுக்கொள்ளும். எத்தனை வெயில் காய்ந்தாலும் உருண்டை நிற்காது. இத்தனை வருஷம் என் மனைவி கையால்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை பிராசஸரில் போட்டு, விட்டு விட்டு ஆறேழு தடவை தட்டினோம். இடித்தது போலவே, ஈரம் விடாமல், ஒன்றிரண்டாக வந்தது. ஐந்து கிலோ வெங்காயம் அரை மணியில் முடிந்தது.

கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "அத்தைகிட்ட அன்னைக்கு அரிசி போடாதீங்க, வடகத்து வெங்காயம் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மிஷினும் பிழைச்சிருக்கும், அவங்க கையும் பிழைச்சிருக்கும்." நான் பதில் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மில்க் ஷேக், பழச்சாறு, சூப் என்றால் ப்ளெண்டர். நறுக்க, துருவ, மாவு பிசைய ஃபுட் பிராசஸர். சட்னி, மசாலா, பொடி என்றால் மிக்ஸி. இட்லி மாவுக்குக் கல். எதை வாங்கினாலும், கூட வருகிற சின்னப் புத்தகத்தைப் படியுங்கள். வீட்டில் அதைப் படிக்க முடியாதவர்கள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.